ஏழு மாசத்துக் குழி

அவ பண்ணுனதை நான் மன்னிச்சுட்டேன் அண்ணாச்சி. அதை முதல்லயே சொல்லிடுறேன். இன்னைக்கோட மூணு தடவை தென்காசிக்குப் போயி, நேருக்கு நேரா நின்னு சொல்லிட்டேன், மன்னிச்சுட்டேன்னு. கேக்குறவளுக்குக் காதுல ஏறணும்ல?

கொஞ்சம் அங்கிட்டு நகர்ந்துக்கங்க. காலை ஊன முடியல. இந்த சன்னல் கண்ணாடி எறங்குமா? எறங்காதா? சரி, விடுங்க. நீங்க எதுவரைக்கும்? சங்கரன்கோவிலா. நான் கோவில்பட்டி. இன்னும் சுரண்டையே வரல, நேரம் கெடக்கு. உங்களுக்குத் தூக்கம் வந்தா தூங்குங்க, நான் பாட்டுக்குச் சொல்லிக்கிட்டு வாரேன். எனக்கு வாயை மூடிக்கிட்டு இருந்தா நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுது.

எம் பேரு அய்யாத்துரை. மில்லுல டெஸ்டிங் சூப்பர்வைசர். நூல் ஒரே சீரா இருக்கா, எங்கயாவது தடிக்குதா, மெலியுதான்னு பார்க்கிற வேலை. முப்பத்தோரு வருசம். போன வருசம் சித்திரையோட முடிஞ்சுது. மாலை போட்டாக, ஒரு சுவர்க் கடியாரம் குடுத்தாக, கார்ல கொண்டாந்து வீட்டுல விட்டுட்டுப் போயிட்டாக.

மறுநாள் காலையில எந்திரிச்சு, முகத்தை மழிச்சு, சட்டையை மாட்டிக்கிட்டு வாசல்ல வந்து நின்னேன். எங்க போகன்னு தெரியல. நின்னேன், திரும்ப உள்ள வந்தேன். புறவாசலுக்குப் போனேன், மறுபடி வாசலுக்கு வந்தேன். இப்படியே பத்து நாளு. "ஒரு எடத்துல உக்காருங்களேன், எனக்குத் தலை சுத்துது"ன்னா. அவன்னா எங்க வீட்டுக்காரி. தங்கபுஷ்பம். நான் புஷ்பம்னு கூப்பிடுவேன்.

அந்த நேரத்துலதான் இந்த வீட்டுத்தோட்டக் குழு பழக்கமாச்சு. எங்க ஊருல ஸ்டீபன் சார்னு ஒருத்தர், காலேஜில தாவரவியல் வாத்தியாரா இருந்து ஓய்வானவரு. மாசத்துக்கு ஒரு ஞாயிறு யாராவது ஒருத்தர் வீட்டுல கூடுவாக. மாடியில தக்காளி, தொட்டியில கீரை, இப்படி. அங்க அவரு ஒரு கை உரத்தை எடுத்து என் கையில வச்சாரு. மோந்து பாருங்கன்னாரு. மோந்து பார்த்தா, கோடையில முதல் மழை விழுந்தா ஒரு வாசம் வரும்ல, அந்த வாசம். "இது என்னன்னு நெனைக்கிறீங்க? எங்க வீட்டு வெங்காயத்தோலும் வாழைப்பழத்தோலுந்தான்"ங்குறாரு. எனக்கு அன்னைக்கு ராப்பூரா அதே நெனப்பு. வீட்டுல தினமும் தூக்கித் தெருவுல கொட்டுறோமே, அம்புட்டும் இப்படி ஆகுமான்னு.

மறுநாளே புறவாசல்ல குழி வெட்ட ஆரம்பிச்சுட்டேன். நாலடி நீளம், மூணடி அகலம், ரெண்டரை அடி ஆழம். எங்க ஊரு கரிசல், உங்களுக்குத் தெரியும், காஞ்சிருந்தா கடப்பாரை வளையும். மூணு நாளாச்சு. உள்ளங்கையெல்லாம் கொப்புளம். ஆனா ஒண்ணு, அந்த மூணு ராத்திரியும் நல்லாத் தூங்குனேன்.

குழின்னா சும்மா இல்ல அண்ணாச்சி. கீழ காஞ்ச எலை. அதுக்கு மேல அடுப்படிக் கழிவு. அதுக்கு மேல சாணிக் கரைசல் தெளிச்சு, ஒரு கை மண்ணு. மறுபடி எலை. புளிச்ச மோரு ஊத்துனா சீக்கிரம் மக்கும். ஈரம் கூடிப்போனா நாறும், கொறைஞ்சா அப்படியே கெடக்கும். கையில அள்ளிப் பிடிச்சா பிடி நிக்கணும், தண்ணி சொட்டக் கூடாது. அதான் பக்குவம். வாரத்துக்கு ஒருக்கா கிளறி விடணும். உள்ள கையை விட்டா சுடும். நெசமாவே சுடும், காய்ச்சல்காரன் வயித்தைத் தொட்ட மாதிரி. உசுரோட இருக்குன்னு அர்த்தம்.

இதுக்கு முக்கியம் என்னன்னா, உள்ள போற சாமான். அது சரியா இருந்தாத்தான் வெளிய வர்றது சரியா இருக்கும். மில்லுலயும் அதேதான், பஞ்சு சரியில்லாம நூல் சரியா வருமா? அதனால நான் அடுப்படிக்குப் போனேன். அதுவரைக்கும் தண்ணி குடிக்கத்தான் போயிருப்பேன்.

ரெண்டு வாளி வச்சேன். பச்சை வாளியில காய்கறித் தோலு, டீத்தூள் சக்கை, முட்டைத்தோடு. சிவப்பு வாளியில ஆகாதது: எலும்பு, எண்ணெய், புளிச்ச கொழம்பு. எலுமிச்சைத் தோலு ஒண்ணு ரெண்டு போகலாம், அதுக்கு மேல கூடாது. தோலை அப்படியே முழுசாப் போட்டா மக்க நாளாகும், அதனால வெரல் நீளத்துக்கு நறுக்கிப் போடச் சொன்னேன். கஷ்டமா இது? காயை நறுக்குறவளுக்குத் தோலை நறுக்கத் தெரியாதா?

முதல்ல நல்லாத்தான் செஞ்சா. ரெண்டு மாசம் போயிருக்கும், ஒரு நாளு வாழைப்பூ ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தா. அந்தப் பூவுல நடுவுல நரம்பு இருக்கும்ல, அதை ஒவ்வொண்ணா எடுத்து சிவப்பு வாளியில போடுறா. நான் வாசப்படியில நின்னு பார்த்துக்கிட்டே இருக்கேன். "புஷ்பம், அது பச்சை வாளிக்குப் போறது"ன்னேன். எடுத்து மாத்திப் போட்டா. அப்புறம் அருவாமணையை மடக்கி வச்சுட்டு என்னைப் பார்த்தா.

"நான் சமைக்கிறது நமக்கா, குழிக்கா?"ன்னா.

"ரெண்டுக்குந்தான்"னேன். தப்பா? அதுல ஒரு தப்பும் இல்லையே? அன்னைக்கு வாழைப்பூவை அப்படியே மூடி வச்சுட்டா. மறுநாளு பார்த்தா, முழுப் பூவும் பச்சை வாளிக்குள்ள கெடக்கு. எனக்குச் சந்தோசந்தான், நல்லா மக்குற சாமான்.

இதையெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா, அவளுக்குக் குழி மேல ஒரு பொறாமை மாதிரி வந்திருச்சு. ஆமா, அப்படித்தான் நான் நெனைக்கிறேன். குளிக்கப் போனவளை நான் ஒருக்கா கதவைத் தட்டிக் கூப்பிட்டுட்டேன், முட்டைத்தோட்டைக் காணோம், நீ எங்க போட்டன்னு கேட்டு. ஒரே ஒருக்கா. அதைப் போயி அவ தங்கச்சிகிட்ட போன்ல சொல்லியிருக்கா.

டிரைவர் எதுக்கு இப்படி உருட்டுறான்? மணி என்ன ஆச்சு? மூணேகாலா. இன்னும் மூணேகாலுதானா?

சரி. ஆவணியில முதல் உரம் எடுத்தேன். சலிச்சுப் போட்டா, கறுப்பா, பொலபொலன்னு டீத்தூள் மாதிரி நிக்குது. கத்தரிக்குப் போட்டேன், வெண்டைக்குப் போட்டேன். புடலைக்குப் பந்தல் கட்டி அடியில ரெண்டு கூடை போட்டேன். அந்தப் புடலை காய்ச்ச காய்ப்பு இருக்கே அண்ணாச்சி, ஒவ்வொண்ணும் என் இடுப்பு ஒசரம். நுனியில கல்லைக் கட்டித் தொங்கவிட்டேன், சுருளாம வளரணும்னு. தெருவுல போற ஆளெல்லாம் நின்னு பார்ப்பாக. நான் வெவரம் சொல்லுவேன்.

இதெல்லாம் ஸ்டீபன் சாருக்குத் தெரிஞ்சு, தை மாசக் கூட்டம் உங்க வீட்டுலதான்னு சொல்லிட்டாரு. பதினோரு பேரு. எனக்கு ஒரு வாரம் இருப்பே கொள்ளல. குழியைச் சுத்தி செங்கல் பதிச்சேன். எந்த அடுக்கு எந்த மாசம்னு அட்டையில எழுதி நட்டு வச்சேன். அந்தக் குழி அப்ப நல்ல பருவத்துல இருக்கு. ஏழு மாசம் பழகுன குழி.

கூட்டத்துக்கு மொத நாளு புஷ்பம் கேட்டா, "பதினோரு பேருன்னா சாப்பாடு?" நான் பந்தல்ல எலை பொறுக்கிக்கிட்டு இருந்தேன். "நீயே பார்த்துக்கோ"ன்னேன். நான் டீயைத்தான் சொன்னேன் அண்ணாச்சி. டீயும் ரெண்டு பிஸ்கட்டும். அவ என்ன பண்ணுனா தெரியுமா? விடியுமுன்ன எந்திரிச்சு அடுப்பைப் பத்த வச்சுட்டா. சோறு, கறிக்கொழம்பு, அந்தப் புடலங்கா போட்டுக் கூட்டு, சேமியா பாயாசம். எனக்கு வாசம் வந்துச்சு. வரத்தான் செஞ்சுது. ஆனா நான் அட்டைகளை நேரா நிமித்துற வேலையில இருந்தேன்.

பத்து மணிக்கு வந்தாக. மூணு மணி நேரம் வெவரம் சொன்னேன். ஒருத்தரும் அசையல. ஸ்டீபன் சாரு குழிக்குள்ள கையை விட்டு, கண்ணை மூடிக்கிட்டு, "அய்யாத்துரை, இது குழி இல்ல, இது ஒரு அடுப்பு"ன்னாரு. எல்லாரும் கை தட்டுனாக. முப்பத்தோரு வருசத்துல மில்லுல ஒருத்தன் எனக்குக் கை தட்டுனதில்ல.

ஒண்ணரை மணிக்கு, "பக்கத்துல ஓட்டல்ல எல்லாருக்கும் சொல்லி வச்சிருக்கு, நீங்களும் வாங்க"ன்னாரு. சாரு வண்டியில பின்னால ஏறிட்டேன். புஷ்பம் வாசலுக்கு வந்து என்னமோ சொன்னா. பதினோரு வண்டி ஒண்ணாக் கிளம்புற சத்தம், ஒண்ணும் கேக்கல. நான் கையைக் காட்டிட்டுப் போயிட்டேன்.

திரும்பி வந்தப்ப நாலு மணி. உள்ள வந்தா, கூடத்துல வரிசையா எலை போட்டு, பக்கத்துல தம்ளர்ல தண்ணி ஊத்தி வச்சிருக்கு. எலையெல்லாம் ஓரம் சுருண்டு கெடக்கு. அவ அந்தக் கடைசி எலைக்குப் பக்கத்துல சுவத்துல சாஞ்சு உக்காந்திருக்கா. நான் பாட்டுக்கு அன்னைக்கு நடந்ததைச் சொன்னேன். ஸ்டீபன் சாரு என்ன சொன்னாரு, யாரு என்ன கேட்டா, நான் என்ன பதில் சொன்னேன், ஒண்ணு விடாமச் சொன்னேன். கேட்டுக்கிட்டே இருந்தா.

கடைசியில, "நீங்க சாப்பிட்டாச்சா?"ன்னா.

"ஆச்சு"ன்னேன். அப்பத்தான் அடுப்படியைப் பார்த்தேன். நாலு பாத்திரம், மூடி தெறக்காம. "இம்புட்டையும் என்ன செய்யப் போற?"ன்னேன். எனக்குத் திடீர்னு ஒரு பயம். நல்லதுக்குத்தான் சொன்னேன்: "என்ன செஞ்சாலும் சரி, குழியில மட்டும் போட்டுறாத. கறியும் எண்ணெயும் குழிக்கு ஆகாது."

அவ எந்திரிச்சா. முட்டி வலிக்காரி, எப்பவும் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா எந்திரிப்பா. அன்னைக்கு விருட்டுன்னு எந்திரிச்சா. கொழம்புச் சட்டியைத் தூக்குனா, நேரா புறவாசலுக்குப் போனா, குழிக்கு நடுவுல கவுத்துனா. திரும்பி வந்தா, கூட்டு. திரும்பி வந்தா, சோறு. நான் பின்னாலயே ஓடுறேன், "ஏ, ஏ, புஷ்பம், என்ன பண்ற"ன்னு. பாயாசத்தை ஊத்தும்போது கையைப் பிடிச்சேன். பாதி அவ சேலையில, பாதி குழியில.

எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறிருச்சு. ஏழு மாசம் அண்ணாச்சி! "சோத்துக்கும் குப்பைக்கும் வித்தியாசம் தெரியாதவளோட முப்பத்திமூணு வருசம் இருந்திருக்கேனே"ன்னு கத்துனேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

அவ கத்தல. சேலையை உதறுனா. "எனக்கும் இன்னைக்குத்தாங்க தெரிஞ்சுது"ன்னா.

அவ்வளவுதான். பாத்திரம் எல்லாத்தையும் தேச்சுக் கழுவி, மேடையில கவுத்து வச்சா. மறுநாள் காலையில பையை எடுத்துக்கிட்டு தென்காசி பஸ் ஏறிட்டா. அவ தங்கச்சி கனி அங்க இருக்கா. புருசன் தவறிட்டான், ஒரு சின்ன மெஸ் வச்சு நடத்துறா. பத்து நாளு இருந்துட்டு வரட்டும், செஞ்ச தப்புக்கு வெக்கமா இருக்கும்னு நானும் விட்டுட்டேன்.

நான் கவனிக்க வேண்டியது குழியைத்தான? மூணாம் நாளே நாத்தம். புழு. புழுன்னா மண்புழு இல்ல, வெள்ளையா நெளியுறது. பெருச்சாளி வந்து செங்கல்லையெல்லாம் தள்ளிருச்சு. எதிர்வீட்டுக்காரரு மூக்கைப் பொத்திக்கிட்டு வந்து நிக்காரு. நான் ஒரு ஆளா நின்னு பூராத்தையும் வெளிய அள்ளி, கெட்டதை ஒதுக்கி, தென்னைநார்த் தூளும் காஞ்ச எலையும் கலந்து, வெயில்ல ஆத்தி, மறுபடி அடுக்கு அடுக்காப் போட்டு, ரெண்டு நாளைக்கு ஒருக்கா கிளறி... நாப்பது நாளு. அந்த நாப்பது நாளும் ஓட்டல் பொட்டலந்தான். குனிஞ்சு நிமிந்து முதுகு போச்சு. ஆனா காப்பாத்திட்டேன். ஒரு நாளு காலையில கையை விட்டேன், சுட்டுச்சு. அங்கயே உக்காந்து அழுதுட்டேன். வேர்வையோட சேர்ந்து வந்திருச்சு, எதுக்குன்னு தெரியல.

அப்புறம் பார்த்தா வேற ஒரு கஷ்டம். குழிக்குப் போட ஒண்ணும் இல்ல. வீட்டுல சமையல் இல்ல, கழிவு எங்கிருந்து வரும்? பச்சை வாளி காலியாக் கெடக்கு. எதிர்வீட்டு அம்மாகிட்ட கேட்டேன், ரெண்டு நாளு குடுத்தாக, மூணாம் நாளு கதவைத் தெறக்கல. அதனால காய் வாங்கிட்டு வந்து நானே நறுக்க ஆரம்பிச்சேன். தோலுக்காகத்தான். தோலைக் குழிக்குப் போட்டுட்டா, காயை என்ன செய்ய? சமைச்சேன். முதல்ல தீய்ஞ்சுது. அப்புறம் வந்துச்சு. ஒரு நாளு பூசணிக்காய்க் கூட்டு வச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு. தட்டோட உக்காந்து, நல்லாருக்குல்லன்னு வாய் விட்டுச் சொல்லிட்டேன். வீட்டுல ஆள் இல்ல. அது ஒரு மாதிரி இருந்துச்சு. பாதியிலயே கையைக் கழுவிட்டேன்.

தண்ணி வச்சிருக்கீங்களா? ஒரு வாய். போதும், போதும்.

மாசி கடைசியில முதல் தடவை போனேன். ஒரு சாக்கு நெறைய நல்ல உரமாச் சலிச்சு எடுத்துட்டுப் போனேன், அவளே கண்ணால பார்க்கட்டும்னு. மெஸ் வாசல்ல வச்சே, "புஷ்பம், குழி சரியாயிருச்சு. நீ பண்ணுனதை நான் மனசுல வச்சுக்கல. மன்னிச்சுட்டேன். வா"ன்னேன். கரண்டியைக் கையில வச்சுக்கிட்டு என்னையப் பார்த்தா, சாக்கைப் பார்த்தா. "எலை போட்டிருக்கு, ஆள் காத்திருக்காக"ன்னு உள்ள போயிட்டா. ரெண்டாவது தடவை வைகாசியில. புடலங்காயும் கத்தரிக்காயும் கொண்டுபோனேன். "குழி நல்லாருக்கா?"ன்னு கேட்டா. பாருங்க, அவளே கேக்குறா! நான் ஒரு அரை மணி நேரம் வெவரமாச் சொன்னேன். காயை வாங்கிக்கிட்டா. வரல.

இன்னைக்குப் போனது மூணாவது. குத்தாலத்துல சீசன், மெஸ்ஸுல கூட்டம் தெருவரைக்கும் நிக்குது. காய் நறுக்குற பொம்பளை வரலையாம். கனி என்னைப் பார்த்ததும், "அத்தான், சும்மா நிக்கிறதுக்கு இந்தச் சின்ன வெங்காயத்தை உரிச்சுக் குடுங்களேன்"னு ஒரு சொளகு நெறைய முன்னால வச்சுட்டா. பின்கதவுப் பக்கம் ஒரு முக்காலி போட்டு உரிச்சேன். அங்கிருந்து பார்த்தா புஷ்பம் முதுகு தெரியும். ரெண்டு மணி நேரம் உரிச்சேன், கண்ணுல தண்ணியாக் கொட்டுது. அவ ஒரு தடவை கூடத் திரும்பல. ஆனா பந்தியில சிரிக்கிறா அண்ணாச்சி. "இன்னும் கொஞ்சம் போடவா? வெக்கப்படாமச் சாப்பிடுங்க"ங்குறா. ஒரு லாரி டிரைவரு, யாரோ எவனோ, "அக்கா, வாய்க்கு ருசியாச் சாப்பிட்டு வருசமாச்சு"ங்குறான். அதுக்கு அவ முகத்தைப் பார்க்கணுமே. வந்து போற ஆளு சொல்றதை எல்லாம் இப்படியா எடுத்துக்குவாக? ரெண்டு பேருக்குச் சமைக்கச் சலிச்சுப்போனவ, இப்ப நூறு பேருக்குப் பொங்கிப் போடுறா. கணக்கே பிடிபடல எனக்கு.

கடைசிப் பந்தியில என்னையும் உக்கார வச்சாக. அந்த அவியல் இருக்கே, அண்ணாச்சி, இப்படி ஒரு அவியலை நான் தின்னதே இல்ல. காயெல்லாம் ஒரே அளவு, ஒண்ணும் கொழையல, தேங்காயும் சீரகமும் பச்சை வாசம் போகாம, மேல தேங்காண்ணெய் ஒரு சுத்து. எலையை வழிச்சுட்டேன். மூணு தடவை வாங்குனேன்.

சாப்பிட்டு முடிச்சு, பின்னால குழாயடியில நின்னா. போயிச் சொன்னேன்: "வா புஷ்பம். நான்தான் மன்னிச்சுட்டேன்னு சொல்றேன்ல. இன்னும் எதுக்கு வெக்கப்பட்டுக்கிட்டு இங்க கெடக்க?"

அவ கையைத் துடைச்சுக்கிட்டே இருந்தா. ரொம்ப நேரம் துடைச்சா. அப்புறம், "நான் வெக்கப்பட்டு இங்க இருக்கேன்னா நெனைச்சீங்க?"ன்னா. கோவமே இல்ல குரல்ல. "நான் வரலைங்க. எனக்கு இங்க பிடிச்சிருக்கு. கனிக்கும் ஆள் வேணும். உங்களுக்கு வரணும்னா நீங்க வாங்க. மாடியில ஒரு ரூம் இருக்கு."

"குழி?"ன்னேன்.

அவ குழாயை மூடிட்டு உள்ள போயிட்டா. நான் பஸ்ஸுக்கு வந்துட்டேன்.

நீங்களே சொல்லுங்க, வீட்டைப் பூட்டிட்டு, தோட்டத்தை விட்டுட்டு, கொழுந்தியா வீட்டு மாடியில போயி ஒரு ஆம்பளை இருக்க முடியுமா? வெங்காயம் உரிச்சுக்கிட்டு? என்ன? என்ன கேட்டீங்க? வண்டிச் சத்தத்துல கேக்கல.

அவியல் நல்லாருந்துச்சுன்னு அவகிட்டச் சொன்னேனாவா?

அதை எதுக்குங்க சொல்லணும்? எலையை வழிச்சுத் தின்னேன், மூணு தடவை வாங்குனேன், பார்த்துக்கிட்டுத்தான இருந்தா. மனுசன் சாப்பிடுறதைப் பார்த்தாத் தெரியாதா? இதெல்லாம் ஒரு... முப்பத்திமூணு வருசத்துல... இல்ல, சொன்னதில்ல. குறை இருந்தாச் சொல்லுவேன். ஒண்ணும் சொல்லலைன்னா சரியா இருக்குன்னு அர்த்தம். மில்லுல அப்படித்தான்.

...

கொஞ்சம் எந்திரிச்சு நின்னுக்கவா? இல்ல, வேண்டாம். சீட்டுப் போயிரும்.

...

இருங்க. ஒரு போன் பேசிக்கிறேன்.

ஹலோ. ஆங், நாந்தான். பஸ்லதான் இருக்கேன். ஒண்ணும் இல்ல, சும்மா. மறந்து ஒண்ணும் வைக்கல. நல்லாத்தான் இருக்கேன், மேலுக்கு ஒண்ணும் இல்ல. இல்ல, குழியைப் பத்தி இல்ல. அந்த அவியல். அவியல்டீ, அவியல். மத்தியானம் போட்டீங்கள்ல. அது நல்லா இருந்துச்சு. ஆமா. அதுக்குத்தான் போன் பண்ணேன். வேற ஒண்ணுக்கும் இல்ல... ஆங்?... யாரு?... ஓ... சரி... இல்ல, ஞாபகம் இல்ல புஷ்பம்... எதுக்குச் சிரிக்க?... ஞாயித்துக்கிழமையா?... பார்க்கேன். பார்க்கேன்னா, வாரேன். சரி. வச்சுர்றேன்.

அவியல் கனி வச்சதாம் அண்ணாச்சி.

அவ வச்சது ரசமாம். "ரசம் எப்படி இருந்துச்சு?"ங்குறா. ரசம் ஊத்துனாக, ஊத்துனது ஞாபகம் இருக்கு. சோத்துல கொழம்பு முடிஞ்சு, ரசம் வந்துச்சு, தின்னேன். ஆனா நாக்குல ஒண்ணும் நிக்கல. மெளகு கூடுதலா, புளி கொறைச்சலா, எதுவும் தெரியல. ஆகா ஓகோன்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரல. ஞாபகம் இல்லைன்னுட்டேன். அதுக்குச் சிரிச்சுட்டா. அந்த லாரிக்காரன்கிட்டச் சிரிச்ச சிரிப்பு இல்ல இது. வேற. எனக்காகச் சிரிச்சாளா, என்னைய நெனைச்சுச் சிரிச்சாளான்னு பிடிபடல. கனியைக் கூப்பிட்டுச் சொல்றா, போன்ல கேக்குது, "இவுகளுக்கு அவியல் நல்லாருந்துச்சாம்டீ"ன்னு. ரெண்டு பேரும் சேர்ந்து சிரிக்காளுக.

ஞாயித்துக்கிழமை வந்து ரசத்தைச் சாப்பிட்டுப் பார்த்துச் சொல்லுங்கன்னா. எத்தனை நாளைக்குன்னு போறதுன்னுதான் யோசிக்கிறேன். ஒரு வேளை தின்னுட்டு என்னத்தைச் சொல்ல முடியும்? இன்னைக்குப் பருப்பு ரசம் வச்சா நாளைக்கு மெளகு ரசம் வைப்பா, மழை பேஞ்சா தூதுவளை ரசம் வைப்பா. வைப்பான்னுதான் நெனைக்கிறேன். வீட்டுல வச்சிருக்காளா? வச்சிருப்பா. ஒரு பத்து நாளாவது இருந்து பார்த்தாத்தான் தெரியும்.

குழிக்கு என்ன? காஞ்ச எலையை மேல பரப்பி, சாக்கை நனைச்சு மூடிட்டு வந்தா பத்து நாளு கெடக்கும். அதுக்கு மேலயும் கெடக்கும்.

கெடக்கட்டும்.